எடை கை மாறும் இடம்

காரின் சஸ்பென்ஷன் வேலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஸ்பேனர் பிடித்த கையைத்தான் மெச்சுகிறார்கள். துருவேறி இறுகிய போல்ட்டை முறியாமல் கழற்றியது, பால் ஜாயின்டை அதன் ரப்பர் கிழியாமல் பிரித்தது, ஸ்பிரிங்கை அமுக்கி அடக்கியது என்று அந்தப் புகழ் நீளும். அதற்கு முன்னால் காரைத் தூக்கி நிறுத்தியதை யாரும் வேலையாகவே எண்ணுவதில்லை. எனக்கோ மொத்த வேலையிலும் ரசிக்கத் தகுந்த பகுதி அதுதான் என்று தோன்றுகிறது. வீட்டு வாசலில் ஒரு சிறிய காரின் முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றி, ஸ்ட்ரட்டும் லோயர் ஆர்மும் மாற்றத் துணிகிற ஒருவரின் தேர்ச்சியை அறிய, அவர் கழற்றும் முறையைப் பார்க்க வேண்டியதில்லை. முதல் போல்ட்டில் ஸ்பேனர் படுவதற்கு முன் கார் எப்படி நிற்கிறது என்று பார்த்தால் போதும். தூக்குவது ஒரு வேலை, தாங்குவது வேறொரு வேலை. தூக்கிய கருவியிடமே தாங்குவதையும் விட்டுவிடாமல், எடையைச் சேதமில்லாமல் இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுப்பதில்தான் இந்தக் கைவினை இருக்கிறது.

இதனால் ஜாக்கியைக் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அது அழகான கருவி. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்பதை விளக்கும் பிளேஸ் பாஸ்கலின் நூல் அவர் மறைந்த பின் 1663-இல் அச்சானது. அந்தத் தத்துவத்தை வைத்து ஜோசப் பிராமா 1795-இல் ஹைட்ராலிக் அழுத்துபொறிக்குக் காப்புரிமை பெற்றார். லாரிகளில் கிடக்கும் பாட்டில் ஜாக்கி அதன் நேர் வாரிசு. ஒற்றைக் கையால் பிடியை ஏற்றி இறக்க, மெல்லிய பிஸ்டன் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயைத் தள்ள, பருத்த பிஸ்டன் அரை டன்னைச் சுமந்துகொண்டு எழுகிறது. எழுந்ததைப் பிடித்து வைத்திருப்பது எது? பிஸ்டனின் குறுக்களவு 3 சென்டிமீட்டர் என்றால் அதன் பரப்பு ஏறக்குறைய 7 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 500 கிலோ இறங்கினால் உள்ளே எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோ. கார் டயரின் காற்றழுத்தத்தைப் போல முப்பது மடங்குக்கு மேல். இவ்வளவையும் அடைத்து வைத்திருப்பவை ரப்பர் சீலும் மிளகளவு எஃகுக் குண்டும்தான். சீலில் ஒரு கீறல் விழுந்தாலும், குண்டு உட்காரும் இடத்தில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் எண்ணெய் ஓசையில்லாமல் திரும்பி ஓடிவிடும். காரோடு கொடுக்கும் கத்திரி ஜாக்கியில் எண்ணெய் இல்லை. திருகு மரையின் உராய்வே அதைப் பிடித்து நிறுத்துவதால் தானாக இறங்காது. அதன் குறை வேறு. அதன் கைகள் தரையோடு 10 டிகிரி கோணத்தில் படுத்திருக்கும்போது திருகுத் தண்டில் விழும் இழுவை, தூக்கும் எடையைப் போல ஐந்தரை மடங்குக்கு மேல். 45 டிகிரிக்கு வந்ததும் அது எடைக்குச் சமமாகக் குறைந்துவிடும். முதல் சில சுற்றுகள் கடினமாகவும் பிறகு இலகுவாகவும் இருப்பது இதனால்தான். அந்த இலகுவைப் பத்திரம் என்று நம்புகிற இடத்தில் ஆபத்து தொடங்குகிறது. கார் உயர்ந்துகொண்டே போகிறது, அடித்தகடோ அதே கையகலம்தான். அது சாய்வதற்குப் பக்கவாட்டில் ஒரு தள்ளு போதும்.

வீட்டு வேலைக்கு ஏற்றது டிராலி ஜாக்கி. அதில் கவனிக்க வேண்டியவை அதன் சக்கரங்கள். ஜாக்கியை இழுத்துப் போவதற்காக மட்டும் அவற்றை வைக்கவில்லை. தூக்கும் கை ஓர் அச்சில் சுழல்வதால், தலைப்பகுதி செங்குத்தாக ஏறாமல் வளைந்துதான் ஏறும். காரோ கட்டை போட்டு அசையாமல் நிற்கிறது. அப்படியானால் நகர வேண்டியது ஜாக்கிதான். பிடியை அழுத்த அழுத்த அது சிறிது சிறிதாக உருண்டு, எடைக்கு நேர் கீழே தன்னைக் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறது. கெட்டியான சிமென்ட் தரையில் இது நடப்பதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதே ஓர் இன்பம். மண்தரையிலும் வெயிலில் இளகிய தாரிலும் சக்கரங்கள் புதைந்துவிடும். உருள வேண்டியது உருள முடியாமல் போகும்போது தலை காரின் இரும்பில் வழுக்கத் தொடங்கும். ஆகவே தரையைப் படிப்பது இந்தக் கைவினையின் முதல் பாடம். நம் வீடுகளில் மழைநீர் தெருப்பக்கம் ஓட வேண்டும் என்று போர்ட்டிகோ தரையை வாசலை நோக்கிச் சரித்துத்தான் போடுவார்கள். நம் கண்ணுக்குப் படாத அந்தச் சரிவு சக்கரத்துக்கு நன்றாகவே தெரியும். டைல்ஸுக்கு அடியில் கலவை நிரம்பாத பொள்ளல் இருந்தால், தூக்கிய காரைத் தாங்க வைக்கும் ஸ்டாண்டின் கால் பட்டதும் நொறுங்கும். பேவர் பிளாக் ஒவ்வொன்றும் தன்போக்கில் அமுங்கும். தடித்த பிளைவுட் துண்டு ஒன்றை ஸ்டாண்டுக்கு அடியில் போட்டு எடையைப் பரப்பத் தெரிந்தவர் தரையைப் படித்தவர்.

ஹேண்ட் பிரேக் போட்டாயிற்று, கியரிலும் விட்டாயிற்று, பிறகு சக்கரத்துக்குக் கட்டை எதற்கு என்று கேட்பதுண்டு. இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவற்றை இழுப்பது முன்சக்கரம், ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரம். பின்பக்கம் முழுவதையும் தூக்கினால் ஹேண்ட் பிரேக் பிடித்த சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில். அது இருந்தும் பயனில்லை. முன்சக்கரத்தில் ஒன்றை மட்டும் தூக்கினால் கியர் கைவிடுகிறது. தரையில் உள்ள சக்கரம் ஒரு திசையில் உருள, தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுழன்று வழிவிட, டிபரென்ஷியல் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். எஞ்சின் அசையவே வேண்டியதில்லை. ஆகவே தரையில் மிஞ்சிய சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துத்தான் ஆக வேண்டும். தமிழ்நாட்டில் இது புதிய அறிவு அல்ல. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக் வந்த பிறகும், முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தோடு நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அத்தனை பெரிய எடையை எண்ணெயை மட்டும் நம்பி விடுவதற்கு அங்கே யாரும் தயாராக இல்லை.

சாலையோரத்தில் ஒரே ஜாக்கியையும் ஒரு கருங்கல்லையும் வைத்து வாழ்நாள் முழுவதும் வேலை பார்த்த மெக்கானிக்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பது எளிதில் ஒதுக்கக் கூடாத எதிர்வாதம். அவர்களுடைய கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் அது எதை நிரூபிக்கிறது என்று பார்க்க வேண்டும். பஞ்சர் சக்கரத்தை மாற்றும்போது நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிடுகிறார்கள். தூக்கிய பின் காரை அசைக்கும் விசை எதுவும் இல்லை, யாருடைய தலையும் காருக்கு அடியில் போவதில்லை, சில நிமிடங்களில் ஸ்டெப்னி ஏறிவிடும். கத்திரி ஜாக்கியை வடிவமைத்தது இந்த ஒன்றுக்காகத்தான். சஸ்பென்ஷன் வேலை முற்றிலும் வேறு. ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி உடல்பலம் முழுவதையும் கொடுத்து இழுக்க வேண்டும். லோயர் ஆர்மைச் சுத்தியலால் தட்ட வேண்டும். இந்த விசைகளில் பெரும்பகுதி ஜாக்கி சற்றும் எதிர்பார்க்காத பக்கவாட்டில் விழுகிறது. மணிக்கணக்கில் நீளும் வேலை. சக்கரமும் கழற்றப்பட்டிருப்பதால், நழுவினால் தடுத்து நிறுத்த இடையில் எதுவும் இல்லை. அந்த மெக்கானிக்குகளிலேயே கைதேர்ந்தவர்கள் கழற்றிய சக்கரத்தைச் சும்மா ஓரமாகச் சாய்த்து வைப்பதில்லை, காரின் ஓரச் சட்டத்துக்கு அடியில் படுக்க வைத்துத் தள்ளுகிறார்கள். கார் இறங்கினாலும் அந்த உயரத்துக்குக் கீழே இறங்காது. கருங்கல்லை நம்பியவர்கள் என்று நாம் சொல்பவர்களின் உண்மையான பாதுகாப்பு அந்தச் சக்கரமாக இருந்திருக்கிறது.

இனி எடை கை மாறும் தருணத்துக்கு வருவோம். ஓரச் சட்டத்தின் அடியில் இரண்டு தகடுகள் சேரும் விளிம்பில், வெட்டுக்குறியிட்டு உறுதிப்படுத்திய இடங்கள் இருக்கும். ஜாக்கியும் அங்கேதான், ஸ்டாண்டும் அங்கேதான் என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் நிற்க முடியாது. ஆகவே கையேடு காட்டும் முன் குறுக்குச் சட்டத்தில் ஜாக்கியைக் கொடுத்து முன்பக்கம் முழுவதையும் ஒருசேரத் தூக்கி, இருபுறமும் விளிம்புகளுக்கு அடியில் ஸ்டாண்டுகளை வைப்பது அழகான தீர்வு. குறுக்குச் சட்டத்துக்கு அருகிலேயே எஞ்சின் எண்ணெய்த் தொட்டி தொங்குவதால், கண்ணால் பார்க்காமல் ஜாக்கியைத் தள்ளுகிறவர் தொட்டியை நசுக்கிவிடுவார். ஜாக்கியின் வால்வைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திறந்து, கார் ஸ்டாண்டுகளின்மேல் இறங்கி உட்காரும் அந்தச் சில நொடிகளில் கைதேர்ந்தவர் காரைப் பார்ப்பதில்லை. ஸ்டாண்டின் கால்களைப் பார்க்கிறார். நான்கு கால்களும் தரையில் படிந்திருக்கின்றனவா, ஒன்று தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. பிறகு காரைப் பக்கவாட்டில் நன்றாக ஆட்டிப் பார்க்கிறார். விழுவதானால் கீழே யாரும் இல்லாத இப்போதே விழட்டும் என்பதுதான் அந்த ஆட்டலின் பொருள்.

ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக்கோ செங்கல்லோ வைக்கலாமே, வீடே அதன்மேல்தானே நிற்கிறது என்பார்கள். சுவரில் எடை கல்லின் முழுப் பரப்பிலும் பரவி இறங்குகிறது. காரின் விளிம்பு கத்திபோல ஒரே கோட்டில் அழுத்துகிறது. அதைவிட முக்கியமானது, கல் உடையும் விதம். எஃகு தாங்க முடியாதபோது வளையும், மரம் நசுங்கி முனகும். இரண்டும் எச்சரிக்கை தருகின்றன. கல்லும் கான்கிரீட்டும் கடைசி நொடி வரை முழுதாக இருந்துவிட்டுச் சட்டென்று பிளந்துவிடும். ஸ்டாண்டும் தவறலாமே என்றால், ஆம், தவறியிருக்கிறது. அமெரிக்காவில் 2020-இல் ஒரு பெரிய கருவிக்கடை நிறுவனம், எடை அசையும்போது பல்லிலிருந்து பிடி நழுவக்கூடும் என்பதால் தான் விற்ற ஸ்டாண்டுகளைப் பெருமளவில் திரும்பப் பெற்றது. மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டுகளில் சிலவற்றிலும் வெல்டிங் குறை தென்பட்டு அவற்றையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இந்தச் செய்தி ஸ்டாண்டுக்கு எதிரான சாட்சி என்று சிலர் சொல்வார்கள். ஒற்றைத் தாங்கலுக்கு எதிரான சாட்சி என்றே நான் அதை எடுத்துக்கொள்கிறேன். ஸ்டாண்டு தாங்க, எடை ஏறாமல் தொட்டும் தொடாமலும் ஜாக்கி நிற்க, கழற்றிய சக்கரங்கள் அடியில் கிடக்க, மூன்றும் ஒரே நேரத்தில் தவற வேண்டும் என்ற நிலையை உண்டாக்குவதே முறை.

சஸ்பென்ஷன் என்று வரும்போது இதற்கு மேலும் ஒரு நுட்பம் சேர்கிறது. என் ரசனைக்கு இதுவே உச்சம். கார் உயர்ந்ததும் சக்கரங்கள் கீழே தொங்கிவிடும். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் ஒன்று தொங்க, மற்றது மேலேறி நிற்க, இரண்டையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுக்கேறும். அதன் இணைப்பைக் கழற்றும்போது போல்ட் சிக்கிக்கொண்டு வராது, வந்தால் பார் விருட்டென்று துள்ளும். இருபுறமும் சம உயரத்தில் தூக்கினால் அந்த முறுக்கே இல்லை. பலத்தால் வெல்ல வேண்டியது உயரத்தால் தீர்ந்துவிடுகிறது. லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் இன்னும் நுட்பமானது. உள்குழாயும் வெளிவளையமும் ரப்பரோடு ஒட்டியவை. ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கித் திரும்புகிறது. ஆர்ம் தொங்கிய நிலையில் போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால் அந்தத் தொங்கலே ரப்பரின் ஓய்வு நிலையாகிவிடும். கார் தரையிறங்கியதும், நிற்கும்போதே புஷ் முறுக்கோடு நிற்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த முறுக்கு கூடி, புதிய ரப்பர் விரைவில் கிழியும். ஆகவே போல்ட்டை முதலில் தளர்வாக மாட்டி, ஸ்டாண்டுகள் காரைத் தாங்கியிருக்க, ஓய்ந்திருந்த ஜாக்கியை ஆர்மின் வெளிமுனைக்கு அடியில் கொடுத்து, சக்கரம் தரையில் நிற்கும்போது இருக்கும் உயரத்துக்கு ஆர்மை ஏற்றி, அப்போது இறுக்க வேண்டும். ஸ்டாண்டை விட்டுக் கார் எழும்பாத அளவுக்குத்தான் ஏற்ற வேண்டும். தூக்கும் கருவியைத் தாங்கும் வேலையிலிருந்து விடுவித்து வைத்திருந்தவருக்குத்தான் இந்தக் கடைசி வேலைக்கு அது கையில் கிடைக்கும்.

இவ்வளவு பாடு எதற்கு, ஒர்க்‌ஷாப்பில் இரண்டு தூண் லிப்டில் ஏற்றிவிடலாமே என்பது நியாயமான யோசனை. நிமிர்ந்து நின்று வேலை செய்யலாம், வெளிச்சம் தாராளம், நேரமும் மிச்சம். தரை சரியில்லாத வீட்டுக்காரருக்கு நான் தயங்காமல் அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்த லிப்டும் உடலைத்தான் பிடித்துத் தூக்குகிறது, சக்கரங்கள் அங்கேயும் தொங்கத்தான் செய்கின்றன. அவசரத்தில் தொங்கிய ஆர்மிலேயே புஷ் போல்ட்டை இறுக்கி அனுப்புவதற்கு அங்கே வசதி அதிகம். வீட்டில் ஸ்டாண்டில் நிறுத்தியவருக்கும் இறக்கிய உடனே வேலை முடிந்துவிடவில்லை. தொங்கியபோது உள்வாங்கியிருந்த டயர்கள் தரையின் பிடிப்பால் விரிய முடியாமல் நிற்கும், கார் வழக்கத்தைவிட உயரமாகத் தெரியும். சக்கர நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றிக் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சில் முடுக்கி, காரைச் சில அடி முன்னும் பின்னும் உருட்டிவிட்டால் அது தன் உயரத்துக்கு இறங்கிவிடும். அதற்குப் பிறகு அலைன்மென்ட் பார்க்க எடுத்துப் போகலாம்.