வெள்ளவத்தைப் பாருக்கு எந்த லூர்?

லூர் வாங்கப் போனால் கண் முதலில் நிறத்துக்குத்தான் போகும். ஆனால் வெள்ளவத்தையில் எறிவதற்கென்றால் முதலில் கேட்க வேண்டியது, இது எவ்வளவு ஆழத்தில் ஓடும் என்பதைத்தான். ரயில் பாதையைக் காக்கக் கொட்டிய கருங்கற்களில் நின்று பார்த்தால், பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீருக்குள்ளேயே பாரும் கல்லும் தெரியும். கொழும்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றர்கூட இல்லை. பெருக்கு வந்து ஆழத்தைக் கூட்டும் என்று காத்திருந்து பயனில்லை.

9 அடித் தடி, 4000 அளவு ரீல், 30 றாத்தல் பிரெய்ட். இந்த ஒரே செட்டில்தான் எல்லா லூரையும் மாற்றி மாற்றி எறிந்தேன்.

ரப்பாலாவின் பழைய மிதக்கும் லூரில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. பின்லாந்தின் லவுரி ரப்பாலா 1936இல் தக்கையைச் செதுக்கி, சொக்லேட் தாள் சுற்றிச் செய்த அந்த நெளிவு, இன்றைய பால்சா மர லூரிலும் அப்படியே இருக்கிறது. காயம்பட்ட சூடைக்குஞ்சு போலவே தள்ளாடும். ஆனால் 11 சென்ரிமீற்றர் லூரின் எடை 6 கிராம்தான். கடற்காற்றுக்கு எதிரே இந்தத் தடியில் அது தூரம் போகாது. காற்றே இல்லாத விடியலில், கல்லுக்கு ஒட்டி எறிய மட்டும் எடுக்கலாம்.

உலோக லூர் இதற்கு நேர்மாறு. ஹால்கோ ட்விஸ்டி 20 கிராம் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். தண்ணீரில் விழுந்த கணமே ரீலைச் சுற்றத் தொடங்க வேண்டும். ஒரு நொடி அசந்தால் பாரில் மாட்டும். கட்டா, சீலா கரைக்கு வரும் நாட்களில் இதன் வேகத்துக்கு ஈடில்லை. மற்ற நாட்களில் கல்லுக்குக் காணிக்கை.

ஒரே ஒரு லூர்தான் வாங்க முடியும் என்றால் பொப்பர் வாங்குங்கள். ஹால்கோ ரூஸ்டாவின் 8 சென்ரிமீற்றர் அளவு இந்தக் கரைக்குச் சரியாகப் பொருந்துகிறது. எறியப் பாரம் இருக்கிறது, நிறுத்தினால் மிதக்கிறது, பார் அதைத் தொடுவதே இல்லை. விழுந்ததும் இழுக்க வேண்டாம். வளையங்கள் கலைந்த பின் தடி நுனியைத் தாழ்த்தி ஒரு முழம் வெட்டி இழுத்தால், குழிந்த வாய் ‘பொளக்’ என்று தண்ணீரைத் துப்பும். தளர்ந்த நூலைச் சுற்றி எடுத்துவிட்டு மீண்டும் ஒரு வெட்டு. பாரை மீன் பின்னால் வந்து அடித்துத் தவறினால் நிறுத்தாதீர்கள், வேகத்தைக் கூட்டுங்கள். தண்ணீர் வெடித்ததும் பதறித் தடியைத் தூக்கினால் லூர் நேரே முகத்துக்குப் பறந்து வரும். மீனின் பாரம் தடியில் ஏறும்வரை பொறுக்க வேண்டும்.

எந்த லூராக இருந்தாலும் மும்முனைத் தூண்டிலைக் கழற்றி ஒற்றைத் தூண்டில் போடுவது நல்லது. கல்லில் மாட்டுவது குறையும், மீனை அதிகக் காயமில்லாமல் விடலாம். மிதக்கும் லூர் என்றால், மாற்றியபின் வீட்டு வாளியில் மிதக்கவிட்டுப் பாருங்கள். முன்பு மிதந்த சாய்விலேயே மிதந்தால் தூண்டிலின் எடை சரி. எறியுமுன் பின்னாலும் பாருங்கள்: மரைன் டிரைவ் பக்கமிருந்து மாலையில் நடக்க வருபவர்கள் தண்டவாளத்தைக் கடந்துகொண்டே இருப்பார்கள். அலைச் சத்தத்தில் ரயில் வருவதும் கேட்காது.

கச்சான் காற்றில் கடல் கொந்தளிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை வெள்ளவத்தையில் பெரும்பாலும் எறிய முடியாது. கொட்டாஞ்சேனைக்காரருக்கோ முகத்துவாரமும் காக்கைதீவும் பக்கத்தில். அங்கே களனி கங்கை கடலில் சேர்கிறது. மழை பெய்தால் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும், பொப்பர் எடுபடாது. கொடுவாவும் செம்பல்லியும் கலங்கல் நீரில் அதிர்வைத் தேடி வருவதால், 10 கிராம் ஜிக் தலையில் துடுப்புவால் ரப்பர் மீனைக் கோத்து, தரையிலிருந்து தூக்கித் தூக்கி விழவிடுவதே வழி.

ஆனால் பேத்தை மீன்கள் ரப்பர் வாலைக் கத்தரித்துவிடும். அதற்காகவே இஸட்-மேன் ரப்பரைச் சொல்வேன். இழுத்தால் நீளும், எளிதில் அறாது. மிதக்கும் பொருள் என்பதால் தரையில் கிடக்கும்போதும் வால் நிமிர்ந்தே நிற்கும். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, மேற்குக் கரையெங்கும் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கியதைப் பார்த்தவர்கள் நாம். கடலில் குறைவாக அறுந்து போகும் ரப்பருக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. கிழிந்ததையும் அறுந்த தங்கூசியையும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

வாங்கியபின் ஒரு கவனம்: இந்த ரப்பரைச் சாதாரண ரப்பர் மீன்களோடு ஒரே பெட்டியில் போட்டால் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும். வந்த பையிலேயே, மடிக்காமல் வையுங்கள்.