மஸ்டரில் இல்லாத ஆட்கள்

பல்லாவரத்தில் இரண்டு கிரவுண்டு மனையில் அடுக்குமாடி எழும்பும் தெரு எதிலும் இதைப் பார்க்கலாம். எம்-சாண்ட் கொட்ட வரும் லாரிக்கு மூன்றாம் நபர் காப்பீடு இல்லாவிட்டால் அது சாலையில் ஓடக்கூடாது. அந்த மணலை வாங்கிக்கொள்ளும் கட்டடத்துக்கோ, காப்பீடு எடுப்பதும் எடுக்காததும் கட்டுபவர் மனசு. லாரி மோதி வழிப்போக்கர் இறந்தால் யாரிடம் இழப்பீடு கேட்பது என்று ஊருக்கே தெரியும். மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து சவுக்குக் கட்டை விழுந்து இறந்தால், கட்டப்பஞ்சாயத்தில் எவ்வளவு தேறும் என்பதுதான் முதல் பேச்சு.

கட்டுமானத் தொழிலில் பொறுப்புக் காப்பீடு பெரும்பாலும் இரண்டு பாலிசிகளாக வருகிறது. ஒன்று ‘கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்’. சுருக்கமாகக் ‘கார்’ என்பார்கள். வண்டிக்கான காப்பீடு என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. கட்டுகிற கட்டடத்துக்கு நேரும் சேதம் இதன் முதல் பகுதி, பக்கத்து வீட்டுக்காரருக்கும் வழிப்போக்கருக்கும் நேரும் தீங்கு இரண்டாம் பகுதி. வேலையாட்கள் அந்த இரண்டாம் பகுதியில் சேரமாட்டார்கள். அவர்களுக்குத் தனியாகத் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி எடுக்கவேண்டும்.

இந்த ஏற்பாட்டின் பலம் விபத்து நடந்த மறுநாள் தெரியும். 2014 ஜூன் 28 மாலை மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பல்லாவரத்திலிருந்து பம்மல், அனகாபுத்தூர் வழியாகக் குன்றத்தூர் போய், போரூர் சாலையில் திரும்பினால் அந்த இடம். இறந்தவர்களில் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். கட்டியவர்கள் கைதானார்கள். கட்டியவர் சிறையில், கட்டியது குப்பையில் என்ற நிலையில் இறந்தவர் குடும்பத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? பணம் உள்ள ஒரு மூன்றாவது ஆள் கணக்கில் இருக்கவேண்டும். காப்பீட்டு நிறுவனம் அந்த ஆள்.

வேலையில் தொழிலாளி இறந்தால் இழப்பீடு எவ்வளவு என்பதையும் சட்டமே கணக்கிட்டு வைத்திருக்கிறது. 1923இல் சட்டமாகி, இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் வந்திருக்கும் இந்த முறையில், இறந்தவரின் மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்குவார்கள். முப்பது வயதுக்கு அந்த எண் 207.98. சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2020 ஜனவரியில் அது 8,000 ரூபாயிலிருந்து 15,000 ஆனது. ஆகவே முப்பது வயதுக் கொத்தனாரின் குடும்பத்துக்கு அதிகபட்சம் 15,59,850 ரூபாய். மாதம் இருபதாயிரத்துக்கு மேல் சம்பாதித்தவராக இருந்தாலும் கணக்கு 15,000-ஐத் தாண்டாது. பாலிசி அந்தச் சட்டப் பொறுப்பைத்தான் ஏற்கிறது; கணக்கில் விட்டுப்போனதைச் சேர்த்துத் தராது.

பாலிசியின் பலவீனம் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. பல்லாவரத்தை எடுத்துக்கொள்வோம். இங்கே கொஞ்சம் தோண்டினாலே சார்னோக்கைட் பாறை தட்டுப்படும் இடங்கள் பல. அடித்தளத்துக்குப் பிரேக்கர் வைத்து உடைத்தால் பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விடும். அண்டை வீட்டாரோடு வரும் சண்டைகளில் முதலிடம் இதற்குத்தான். ஆனால் அதிர்வாலும், பக்கத்து மண்ணின் பிடிப்பு தளர்வதாலும் வரும் சேதம் வழக்கமான ‘கார்’ பாலிசியில் கிடையாது. கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கவேண்டும். எந்த ஆபத்துக்காகப் பாலிசி தேவையோ அதுவே வெளியே நிற்கிறது.

வடிவமைப்புக் கோளாறும் அப்படித்தான். மௌலிவாக்கத்தில் மின்னல் தாக்கியதே காரணம் என்று கட்டியவர்கள் தரப்பில் அப்போது சொல்லப்பட்டது. விசாரணைகளில் முன்னே வந்ததோ அடித்தளத்திலும் தூண்களிலும் இருந்த குறைகள். கட்டட சேதத்தைப் பொறுத்தவரை பாலிசியின் மொழியில் இந்த இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம்: மின்னல் உள்ளே, தவறான வடிவமைப்பு வெளியே.

இவற்றையெல்லாம் கூடுதல் பிரீமியத்தால் ஓரளவு சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது தலைக்கணக்கு. தொழிலாளர் பாலிசியின் பிரீமியம், கட்டுநர் அறிவிக்கும் சம்பளத் தொகையைப் பொறுத்தது. மஸ்டரில், அதாவது ஆட்களின் பெயர்ப் பதிவேட்டில், பத்துப் பேர் என்று எழுதினால் பிரீமியம் குறையும். இங்கோ வேலை என்ஜினியரிடமிருந்து மேஸ்திரிக்கும், அவரிடமிருந்து சென்ட்ரிங்காரருக்கும் கம்பி கட்டுபவருக்கும் கைமாறுகிறது. சித்தாளுக்குத் தன் முதலாளி யாரென்று கேட்டால் மேஸ்திரியைக் காட்டுவார். துணை ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கும் முதன்மை ஒப்பந்தக்காரரே பொறுப்பு என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அவர்களைப் பாலிசியில் அறிவித்திருந்தால்தான் காப்பீட்டு நிறுவனம் வரும். லாரிக் காப்பீட்டைப் போல இது சட்டம் விதித்த காப்பீடு அல்ல, வெறும் ஒப்பந்தம் என்பதால், தாமத வட்டி தரமாட்டோம் என்று பாலிசியில் எழுதிக்கொள்ளவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று 2006இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

கட்டாயமாக்கினால் தொழில் படுத்துவிடும் என்பது கட்டுநர்களின் வாதம். புதுக்கோட்டையிலிருந்து சிங்கப்பூருக்குப் போன கட்டடத் தொழிலாளிக்கு முதலாளி காப்பீடு எடுத்தே ஆகவேண்டும். தவறினால் அபராதம், சிறை. அங்கே கட்டடங்கள் எழும்பாமல் இல்லை. பிரான்சில் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டுமானக் குறைகளுக்குப் பத்தாண்டுக் காப்பீடு கட்டாயம். நம்முடைய ரியல் எஸ்டேட் சட்டமும் காப்பீட்டைப் பேசுகிறதுதான், 16ஆம் பிரிவில். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனை அந்தச் சட்டத்தின் பதிவிலிருந்து தப்பிவிடும். இரண்டு கிரவுண்டு என்பது 446 சதுர மீட்டர். பல்லாவரத்துச் சந்துகளுக்காகவே அளந்து வைத்த எண் போல இருக்கிறது.

திட்ட அனுமதியின்போது கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதிக்கு வசூலாகிறது. அதே கவுன்ட்டரில் பாலிசி எண்ணையும் கேட்கலாம். கூடுதல் அலுவலகம் எதுவும் வேண்டாம். கேட்டாலும் ஒரு நாள் பாக்கி இருக்கும். தளம் போடும் நாள். கலவை இயந்திரத்தோடு விடியற்காலையில் முப்பது பேர் வந்திறங்குவார்கள், இருட்டுவதற்குள் கூலி வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். ஈர காங்கிரீட்டின் முழு எடையையும் முட்டுகள் தாங்கி நிற்கும் நாளும் அதுதான். அவர்கள் பெயர் எந்த மஸ்டரிலும் இருக்காது.