'தி சோஷியல் டைலமா': பாவ அறிக்கையும் ஈடு செய்தலும்

ஜெஃப் ஒர்லோவ்ஸ்கி இயக்கிய 'தி சோஷியல் டைலமா' என்னும் ஆவணப்படம் 2020 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பெற்று, அவ்வாண்டு செப்டம்பர் 9ஆம் நாள் நெட்ஃபிளிக்ஸ் வழியாக உலகெங்கும் வெளியாயிற்று. பெருந்தொற்றினால் மக்கள் வீட்டிற்குள் அடைபட்டு, பள்ளிப் பாடம் முதல் ஞாயிறு ஆராதனை வரை யாவும் கைப்பேசித் திரைக்குள் புகுந்திருந்த காலம் அது. ஆதலின் படம் பரவலாகப் பேசப்பட்டதில் வியப்பில்லை. வாலிபருக்குத் திரையிட்டுக் காட்டி, அதையொட்டி ஒரு வேதபாடம் நடத்துவதற்கு ஏற்ற படம் இதுவென எண்ணும் ஆயர்கள் இன்றும் இருப்பர். அவர்களைத் தடுப்பது நம் நோக்கமன்று. எனினும், இப்படம் அதன் அமைப்பிலேயே ஒரு பாவ அறிக்கையாக இருக்கிறது. அறிக்கையிடுதலும் மனந்திரும்புதலும் எத்தகையவை எனக் கற்பிக்கும் பொறுப்பேற்றோர் இதனை அந்த அளவுகோல் கொண்டே நிறுத்துப் பார்க்கவேண்டும் எனக் கருதுகிறோம்.

படத்தில் தோன்றுவோரிற் பெரும்பாலோர் கலிபோர்னியாவின் பெருநிறுவனங்களில் உயர்பணியாற்றி வெளியேறியவர்கள். கூகுளில் வடிவமைப்பு நெறியாளராய் இருந்த டிரிஸ்டன் ஹாரிஸ் கதையை நடத்திச் செல்கிறார். ஃபேஸ்புக்கில் 2009இல் அறிமுகமான விருப்பக் குறியை உருவாக்கியோருள் ஒருவரான ஜஸ்டின் ரோசன்ஸ்டீன், பக்கத்திற்கு முடிவே இல்லாதபடி விரலால் தள்ளிக்கொண்டே செல்லும் அமைப்பினை 2006இல் வகுத்த ஏசா ராஸ்கின், ஃபேஸ்புக்கிற்கு வருவாய் ஈட்டும் வழிகளை வகுக்கும் பொறுப்பிலிருந்த டிம் கெண்டால் முதலியோர் அடுத்தடுத்துப் பேசுகின்றனர். இவர்களோடு ஷோஷானா சுபோஃப், கேத்தி ஓ நீல், ஜாரன் லேனியர் ஆகிய ஆய்வாளரும் சிந்தனையாளரும் உளர். அவர்கள் கூறுவதன் சாரம் இது: இச்சேவைகள் இலவசமாய்த் தோன்றினும் விளம்பரதாரர் தரும் பணத்தால் இயங்குபவை, ஆகவே பயனாளியின் கவனம் எவ்வளவு நேரம் பிடித்து வைக்கப்படுகிறதோ அவ்வளவு ஆதாயம், அக்கவனத்தைப் பிடிக்கும் வேலையை அல்காரிதம் எனப்படும் கணக்கீட்டு நெறி ஓயாது செய்துகொண்டிருக்கிறது. லேனியர் இதனை இன்னும் நுட்பமாக்குகிறார். விற்கப்படுவது நம் கவனம் மட்டுமன்று, நாம் உணராதபடி நம் நடத்தையில் சிறிது சிறிதாக ஏற்படுத்தப்படும் மாற்றமே விற்பனைப் பொருள் என்கிறார். படம் முழுவதிலும் சிந்தனைக்கு மிகுதியும் இடந்தரும் கூற்று இதுவே. இயக்குநர் இதனைச் சற்றே காட்டிவிட்டு விரைந்து அப்பாற் செல்வது வருந்தத்தக்கது.

நேர்காணல்களுக்கு இடையே ஒரு குடும்பத்தின் கற்பனைக் கதையும் நடித்துக் காட்டப்படுகிறது. இரவுணவின்போது தாய் எல்லோருடைய கைப்பேசிகளையும் ஒரு பூட்டுப் பெட்டியில் வைக்க, இளைய மகள் அப்பெட்டியை உடைத்துத் தன் கைப்பேசியை எடுத்துக்கொள்கிறாள். அவளது காதுகளைப் பற்றி எவரோ எழுதிய ஒரு ஏளன வரி அவளைக் கண்ணாடி முன் நிறுத்துகிறது. இக்காட்சி எளியது, உண்மையானது. மகன் பென் படிப்படியாக ஓர் அரசியற் பரப்புரையின் வலையில் வீழும் பகுதி அவ்வாறன்று. பாடநூலுக்கு எழுதப்பட்ட எடுத்துக்காட்டுப் போன்று உயிரற்று நிற்கிறது. பென்னை ஆட்டுவிக்கும் கணக்கீட்டு நெறியை, கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருக்கும் மூன்று ஆட்களாக இயக்குநர் உருவகித்துள்ளார். ஒருவர் கவனத்தை ஈர்க்கவும், ஒருவர் பயனாளிகளைப் பெருக்கவும், ஒருவர் விளம்பரத்திற்காகவும் இயங்குகின்றனர். மூவராகவும் நடிப்பவர் ஒரே நடிகர், வின்சென்ட் கார்தைசர். மூவரும் ஒருவரே என்னும் இவ்வமைப்பினைக் கண்டு இறையியல் மாணவர் புன்முறுவல் பூப்பின் அவர்களைக் குறைகூற இயலாது. ஆயினும் இவ்வுருவகம் தீங்கற்றதன்று. நோக்கமோ விருப்பமோ இல்லாத ஒரு கணக்கீட்டிற்கு முகத்தையும் சூழ்ச்சியையும் அளித்துவிட்டால், அதனை அமைத்த மனிதரும் அதனால் ஆதாயம் பெறும் நிறுவனமும் காட்சியிலிருந்து நழுவிவிடுகின்றனர்.

ஹாரிஸ் ஓரிடத்தில், மிதிவண்டி வந்தபோது எவரும் கலங்கவில்லை என்னும் கருத்துப்படப் பேசுகிறார். கருவி என்பது நாம் எடுக்கும்வரை வாளாவிருப்பது, சமூக ஊடகமோ நம்மிடம் கேட்டுக்கொண்டே இருப்பது என்பது அவர் காட்டவரும் வேறுபாடு. வேறுபாடு மெய்யே. ஆனால் சான்று பொய்க்கிறது. 1890களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மிதிவண்டி பெருங்கலக்கத்தையே உண்டாக்கிற்று. பெண்கள் அதில் ஏறுவது முறையா என்று கேட்டவர்களும், ஞாயிறன்று மக்கள் ஆலயத்தை விட்டுச் சாலைக்குப் போகின்றனரே என்று பிரசங்கித்த போதகர்களும் பலர். அதே காலத்தில், மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவரும் மதுவிலக்கு இயக்கத் தலைவியுமான ஃபிரான்சஸ் வில்லார்டு, தம் 53ஆம் வயதில் மிதிவண்டி பழகியதைப் பற்றி 1895இல் ஒரு நூலே வெளியிட்டார். நம் நாட்டில், 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழி புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி பழகியபோது எழுந்த ஏளனத்தை அறிந்தோர் இன்றும் உளர். இதனைச் சிறு பிழையென ஒதுக்குவதற்கில்லை. முந்தைய கலக்கங்களுள் எவை வீண், எவை நியாயமானவை என ஆராயாமல் 'இதற்குமுன் இவ்வாறு நேர்ந்ததேயில்லை' என்று கூறுபவர், தம் காலத்துக் கலக்கத்தைப் பகுத்துப் பார்க்கும் வழியையும் இழந்துவிடுகிறார். போதகர்களுக்கு இவ்வெச்சரிக்கை இருமடங்கு தேவை. மிதிவண்டிக்கு எதிராகப் பேசியோருள் நம் முன்னோரும் இருந்தனர்.

இதனினும் பெரிய குறை, தீமைக்கு ஒற்றைக் காரணம் கூறுவது. விளம்பர வருவாயும் அதற்கெனத் தீட்டப்பட்ட கணக்கீட்டு நெறியுமே வெறுப்பையும் வதந்தியையும் பரப்புவதாகப் படம் கொள்கிறது. மியான்மர் நிகழ்வுகளுக்கு இவ்விளக்கம் ஓரளவு பொருந்தும். அங்குத் தன் தளம் வன்முறைக்குப் பயன்படுவதைத் தடுக்கப் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என ஃபேஸ்புக் நிறுவனமே 2018 நவம்பரில் ஒப்புக்கொண்டது. ஆனால் அதே ஆண்டு மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே நிகழ்ந்ததை எண்ணிப் பார்ப்போம். குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்ற சென்னைக் குடும்பம் ஒன்றைப் பிள்ளை பிடிப்போர் என ஐயுற்ற கூட்டம் தாக்கியதில், 65 வயதுடைய மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அவ்வதந்தி பரவிய வாட்ஸ்ஆப் 2014 முதல் ஃபேஸ்புக்கிற்கு உரியதே. எனினும் அந்நாளில் அதில் விளம்பரம் இல்லை. எச்செய்தியை முன்னே காட்டுவது எனத் தெரிவு செய்யும் கணக்கீட்டு நெறியும் இல்லை. தாய்மாமன் மருமகனுக்கும், அண்டை வீட்டார் அண்டை வீட்டாருக்கும், பிள்ளைகள்மீது கொண்ட அச்சத்தாலும் அன்பாலும் அனுப்பியவையே அச்செய்திகள். 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மட்டுமே அனுப்பலாம் என நிறுவனம் வரம்பு விதித்தது. 2019 ஜனவரியில் அவ்வரம்பு உலகெங்கும் விரிவாயிற்று. கருவியின் வடிவமைப்புக்குப் பொறுப்புண்டு என்பதை இது காட்டுகிறது. ஆனால் கட்டுப்பாட்டு அறையில் மூவர் அமர்ந்திருக்கும் கதையால் போளூரை விளக்க இயலாது. அயலாரைக் கண்டு அஞ்சும் ஊரும், ஐயத்தை உடனே தீர்ப்பாக்கும் கூட்டமும் அவ்விளக்கத்தில் இடம்பெறுவதில்லை.

இனிப் பாவ அறிக்கைக்கு வருவோம். ஐரிஷ் எழுத்தாளர் மரியா ஃபாரல் 2020 மார்ச்சில், அதாவது படம் நெட்ஃபிளிக்சில் வெளிவருமுன்னரே, இத்தகைய முன்னாள் அலுவலரைக் கெட்ட குமாரனுக்கு ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். உவமையின் இளைய குமாரன் அனைத்தையும் இழந்து, வேலைக்காரனாக இருக்கவும் ஆயத்தமாய்த் திரும்புகிறான். இவர்களோ செல்வமும் செல்வாக்கும் குறையாமல் திரும்பி, தொடக்கம் முதலே எச்சரித்துவந்தோரை விடவும் பெரிய மேடையைப் பெறுகின்றனர் என்பது அவர் வாதம். வாதம் கூர்மையானது. ஆயினும் லூக்கா 15ஆம் அதிகாரம் இதற்குச் சரியான அளவுகோல்தானா என நாம் ஐயுறுகிறோம். இளைய குமாரன் அழித்தது தனக்குரிய பங்கை. ஆகவே தந்தை அவனிடம் கணக்குக் கேளாமல் ஏற்றுக்கொள்வதில் மூன்றாம் நபர் எவருக்கும் அநீதி இல்லை. மூத்த குமாரனின் மனத்தாங்கல் நீங்கலாக. இங்கோ இழப்புற்றோர் வேறு, மன்னிப்புப் பெறுவோர் வேறு. ஆகவே நாம் நான்கு அதிகாரம் தள்ளிச் சகேயுவிடம் செல்லவேண்டும்.

ஆயக்காரர் தலைவனாகிய சகேயு வரிவசூல் அமைப்பின் தீமையை விளக்கி எரிகோவில் ஒரு சொற்பொழிவும் ஆற்றவில்லை. தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாக உரியவர்களுக்கும் கொடுப்பதாகச் சொல்கிறான். அவ்வசனத்தின் கிரேக்க வினைச்சொற்கள் நிகழ்காலத்தில் இருப்பதைக் காட்டி, அது புதிய தீர்மானமன்று, அவன் வழக்கமாய்ச் செய்துவந்ததையே கூறுகிறான் எனக் கொள்ளும் உரையாசிரியரும் உளர். ஜோசப் ஃபிட்ஸ்மையர் அவர்களுள் ஒருவர். எவ்வாறு கொண்டாலும் பணம் எவரிடமிருந்து வந்ததோ அவரிடமே செல்கிறது. எண்ணாகமம் 5:7 இன்னும் தெளிவானது. பாவத்தை அறிக்கையிடுதலும், முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி இழந்தவனிடம் செலுத்துதலும் அங்கு ஒரே கட்டளையின் இரு பகுதிகளாக நிற்கின்றன.

இவ்வளவுகோலால் பார்க்கையில் படத்தின் வெறுமை புலனாகும். நியாயமாகச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுவோம். ஹாரிஸ் 2013இலேயே, கூகுளில் பணியிலிருந்தவாறே, பயனாளிகளின் கவனத்தை மதிக்க வேண்டுமென உடன் பணியாளரிடையே ஓர் அறிக்கையைச் சுற்றுக்கு விட்டவர்; பின்னர் வேலையை விட்டு, 2018இல் ஆதாய நோக்கற்ற ஒரு மையத்தையும் தோற்றுவித்தவர். அவரது நேர்மையை ஐயுற நமக்குக் காரணமில்லை. நம் கேள்வி இயக்குநரைப் பற்றியது. 'இத்தீங்கினால் அடிபட்டவர் யார்?' என்னும் வினாவிற்கு விடையாக அவர் நிறுத்துவது ஒரு கற்பனைக் குடும்பத்தையே. உண்மையில் அடிபட்டோரைத் தேடி அவர் வெகுதூரம் போகவேண்டியிருந்திராது. இதே சன்டான்ஸ் விழாவில் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2018இல், ஹன்ஸ் பிளாக், மோரிட்ஸ் ரீசவீக் ஆகிய இருவர் இயக்கிய 'தி கிளீனர்ஸ்' காட்டப்பட்டது. சமூக ஊடகங்களில் ஏற்றப்படும் கொடுமைகளையும் ஆபாசங்களையும் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் பார்த்து அகற்றும் மணிலா நகர ஒப்பந்தத் தொழிலாளரைப் பற்றிய படம் அது. நம் திரை தூய்மையாய்த் தோன்றுவதற்காகத் தம் கண்களை அழுக்காக்கிக்கொள்வோர் அவர்கள். அமெரிக்காவில் இத்தகைய பணியால் மனநலம் கெட்டோர் தொடுத்த வழக்கில், 11,250 பேருக்கென 5 கோடியே 20 இலட்சம் டாலர் தர ஃபேஸ்புக் 2020 மே மாதத்தில் உடன்பட்டது. ஒருவருக்குக் குறைந்தது 1,000 டாலர். இவர்களுள் ஒருவரையேனும் ஒர்லோவ்ஸ்கி நாற்காலியில் அமர்த்தியிருப்பின், அறிக்கையிடுவோரின் கண்ணீர் வேறு பொருள் பெற்றிருக்கும்.

தீர்வுகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஏதுமில்லை. அறிவிப்பு ஒலியை நிறுத்துக, படுக்கையறைக்குக் கைப்பேசியைக் கொண்டுசெல்லாதிருக்க என்னும் வகையைச் சார்ந்த அறிவுரைகளைப் பெயர்ப் பட்டியல் ஓடும் வேளையில் பேச்சாளர் ஆளுக்கொன்றாய் வழங்குகின்றனர். நல்லவையே. ஆனால் ஒரு தொழிலின் அமைப்பையே குற்றக் கூண்டில் ஏற்றிய படம், தீர்ப்பை மட்டும் குடும்பத் தலைவியின் மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறது. வேடிக்கை யாதெனில், நெட்ஃபிளிக்சும் கணக்கீட்டு நெறியால் படங்களைப் பரிந்துரைத்து, ஒரு பகுதி முடிந்ததும் அடுத்ததைத் தானே ஓடவிடும் தளமே. தங்கள் போட்டியாளர் உறக்கமே எனும் பொருள்பட அதன் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017இல் வெளிப்படையாகவே பேசினார். இதைப் பற்றிப் படம் வாய் திறக்கவில்லை. ஃபேஸ்புக் 2020 அக்டோபரில் ஏழு குறிப்புகள் கொண்ட மறுப்பு ஒன்றை வெளியிட்டது. அதுவும் தன் குற்றத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

படம் நெட்ஃபிளிக்சில் வெளியான ஐந்தாம் நாள், 2020 செப்டம்பர் 14 அன்று, வேறொரு முன்னாள் அலுவலரின் அறிக்கை வெளிச்சத்திற்கு வந்தது. சோஃபி ஜாங் என்னும் அப்பெண் ஃபேஸ்புக்கில் தரவு ஆய்வாளராய் ஏறத்தாழ மூன்றாண்டு பணியாற்றி, அம்மாதத்தில் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். ஹோண்டுராஸ், அஜர்பைஜான் முதலிய நாடுகளில் ஆட்சியிலிருப்போர் போலிக் கணக்குகளால் மக்களை ஏமாற்றியதைக் கண்டு மேலிடத்திற்கு அறிவித்தும், ஹோண்டுராஸ் விவகாரத்தில் நடவடிக்கைக்கு ஏறத்தாழ ஓராண்டு பிடித்ததென அவர் எழுதினார். எந்த நாட்டின் சிக்கலை முதலில் கவனிப்பது, எதனை விட்டுவிடுவது எனத் தாமே தனியாக முடிவுசெய்ய நேர்ந்ததையும், விடுபட்ட நாடுகளில் நிகழ்ந்தவற்றிற்குத் தமக்கும் பங்குண்டு என்பதையும் அவ்வறிக்கையில் மறைக்கவில்லை. நிறுவனத்தைப் பற்றிக் குறைகூறாதிருக்க ஒப்பமிட்டிருந்தால் அவருக்கு 64,000 டாலர் விடைத்தொகை கிடைத்திருக்கும். அதனை மறுத்தே அவர் எழுதினார். 2021 அக்டோபரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் முன் தோன்றி, அந்நாடுகளின் பெயர்களையும் தாம் கண்டவற்றையும் மீண்டும் பதிவுசெய்தார்.