பசித்தவன் எந்தப் படியில் நிற்கிறான்?

கொஞ்ச நாளாக மனித வளர்ச்சியின் படிநிலைகள் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்துக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். தனிமனிதன் எப்படிப் படிப்படியாக உயர்கிறான், சமுதாயம் எப்படி உயர்கிறது, தியானம் இதில் எங்கே வருகிறது என்று. அதை ஒரு ஒப்பீட்டு அட்டவணையாகப் போட்டு இங்கே பதிவிடுவதுதான் திட்டம். எக்செல்லில் பாதி போட்டும் வைத்திருந்தேன். நடுவில் ஒரு கேன்டீன் பில் வந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டது. அதைச் சொல்லும் முன், அட்டவணையில் என்ன இருந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் கிளேர் கிரேவ்ஸ் என்ற உளவியல் பேராசிரியர், மனிதர்களின் மதிப்பீடுகள் அடுக்கடுக்காக வளர்கின்றன என்று ஒரு கோட்பாடு வைத்தார். அவரை ஒட்டி டான் பெக், கிறிஸ் கோவன் இருவரும் 1996-ல் 'ஸ்பைரல் டைனமிக்ஸ்' என்று புத்தகம் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு நிறம் கொடுத்தார்கள். அடியில் இருப்பது சோறு, தண்ணீர், உயிர் பிழைத்தல். அதற்கு மேல் குலம், அதிகாரம், ஒழுங்கு, சாதனை, சமத்துவம் என்று போகிறது. கென் வில்பர் இந்த அடுக்குகளைத் தியான அனுபவ நிலைகளோடு சேர்த்துப் பேசினார். நான் உட்கார்ந்த மேனேஜ்மென்ட் ட்ரெயினிங் இரண்டில் இந்த வண்ணப்படம் வந்திருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

இதற்கு 80 வருஷம் முன்னாலேயே நம் பக்கத்தில், புதுச்சேரியில், அரவிந்தர் இதே வேலையைத் தொடங்கிவிட்டார். 'ஆர்யா' இதழில் 1916 முதல் 1918 வரை சமுதாய வளர்ச்சியின் உளவியல் பற்றி ஒரு தொடர் எழுதினார். அது 1949-ல் 'தி ஹ்யூமன் சைக்கிள்' என்ற பெயரில் புத்தகமானது. கார்ல் லாம்ப்ரெக்ட் என்ற ஜெர்மன் வரலாற்றாசிரியர் சொன்ன கட்டங்களை எடுத்துக்கொண்டு, குறியீட்டுக் காலம், வகைமைக் காலம், மரபுக் காலம், தனிமனிதக் காலம், அகநோக்குக் காலம் என்று கொண்டுபோகிறார். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அவரிடம் 'பிந்தியது' என்றால் 'மேலானது' என்று அர்த்தம் இல்லை. நால்வருணத்தையே உதாரணமாக எடுத்து, குறியீடாக இருந்தது எப்படி வகையாகி, கடைசியில் வெறும் பிறப்பு வழக்கமாக இறுகிப்போனது என்று காட்டுகிறார். வண்ணப்படத்தில் இந்த நேர்மை கிடையாது. அங்கே எல்லாம் ஏறுமுகம்தான்.

ஆனால் ஒரு விஷயத்தில் இந்தப் படங்கள் எல்லாம் ஒன்று. வரைபவர் எப்போதும் மேலே நின்றுகொண்டுதான் வரைகிறார். என் எக்செல் ஷீட்டில் என்னை நானே மேலிருந்து இரண்டாவது நிறத்தில் போட்டிருந்தேன். 12 வருஷமாகக் காலையில் 40 நிமிடம் உட்காருகிறேன், அந்தத் தகுதி போதாதா?

இப்போது கேன்டீன் பில்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஆலைக்கு வருகைப்பதிவு, ஷிப்ட், கேன்டீன் டோக்கன் எல்லாம் சேர்த்து ஒரு சாப்ட்வேர் செய்து கொடுத்திருக்கிறேன். ஆலையின் பெயர் வேண்டாம். அங்கே புதன்கிழமைதோறும் நைட் ஷிப்ட் முடிந்ததும் தியான வகுப்பு வைத்தார்கள். 6 மணிக்கு ஷிப்ட் விடும், 6.10 முதல் 7 வரை வகுப்பு. விருப்பம் உள்ளவர்கள் வரலாம் என்றுதான் நோட்டீஸ். ஆனால் வந்தவர்கள் பெயரைக் குறித்துக்கொண்டார்கள். அதனால் கான்ட்ராக்ட் ஆட்கள் ஒருவர்கூட விட்டுப்போகவில்லை. பாதிக்கு மேல் ஒடிசா, பீகார் பையன்கள்.

ஒரு புதன்கிழமை நானும் உட்கார்ந்தேன். கண்ணை மூடச் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, பின்வரிசையில் குறட்டை. பயிற்சி கொடுத்தவர் சிரித்துக்கொண்டே, "இது தமோ குணம், முதல் படி. போகப் போக சரியாயிடும்" என்றார். நானும் தலையாட்டினேன். மரியாதைக்காக இல்லை, உண்மையாகவே ஒத்துக்கொண்டு. வீட்டுக்கு வந்து அட்டவணையில் ஒரு வரியும் சேர்த்தேன்: 'உடல் நிலையிலேயே தங்கிவிட்டவர்களுக்குத் தியானம் பிடிபடாது.' அந்த வரி இன்னும் ஃபைலில் இருக்கிறது. வேண்டுமென்றேதான் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து, கேன்டீன்காரர் பில்லும் உங்கள் ரிப்போர்ட்டும் ஒத்துப்போகவில்லை என்று கூப்பிட்டார்கள். அவர் சமைத்த தட்டுக்குக் கணக்குப் போட்டிருந்தார், என் ரிப்போர்ட் தேய்த்த டோக்கனைக் காட்டியது. வித்தியாசம் எல்லாம் புதன்கிழமைகளில். நைட் ஷிப்ட் ஆட்களின் காலை டிபன் டோக்கன் 6.45 வரைதான் செல்லும். 7 மணிக்கு ஆபீஸ் ஸ்டாஃப் டிபனுக்கு வருவார்கள், கூட்டம் சேரக்கூடாது என்று அப்படி வைத்தது. வைத்தது நான்தான். ஒரே ஒரு இஃப் கண்டிஷன்.

ஆக, 13 புதன்கிழமைகள் அந்தப் பையன்கள் ராத்திரி முழுக்க உலைப் பக்கம் நின்றுவிட்டு, வெறும் வயிற்றோடு வந்து கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன் யாரும் சொல்லவில்லை என்று ஒருவனைக் கேட்டேன். "டிபன் போனா பரவால்ல சார், பேர் போனா டூட்டி போயிடும்" என்றான். நேரத்தை 7.30 என்று மாற்ற எனக்கு ஒரு நிமிடம் ஆனது. அதற்கு அப்ரூவல் வர இரண்டு வாரம்.

அந்த இரண்டு வாரத்தில்தான் வள்ளலாரின் 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' உரைநடையை மறுபடி எடுத்தேன். எடுக்கக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம் வழியாக பைக்கில் போகிறவன் நான். தச்சூர் கூட்டுச்சாலையில் வலது பக்கம் திரும்பினால் பொன்னேரி, அதை ஒட்டிய சின்னக்காவணம் அவருடைய அம்மா சின்னம்மையார் பிறந்த ஊர். அப்பா இறந்ததும் கைக்குழந்தை ராமலிங்கத்தோடு அந்த அம்மா முதலில் வந்து சேர்ந்தது அங்கேதான், சென்னைக்கு அப்புறம்தான் போனார்கள். எங்கள் ஊர் வீரராகவப் பெருமாள் மேல்கூட அவர் பாட்டு உண்டு. வடலூர் தூரம் என்றாலும், ஆள் எங்கள் பக்கத்து ஆள் என்ற ஒரு நினைப்பு.

அந்த நூலில், பசி ஏற ஏற ஒரு மனிதனுக்குள் என்ன நடக்கிறது என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லும் இடம் பிரசித்தம். அன்னதான நோட்டீசில் எல்லாம் அச்சடிப்பார்கள், அதனால் பலமுறை கண்ணில் பட்டிருந்தும் நான் நிதானமாகப் படித்ததில்லை. இந்த முறை ஒரு இன்ஜினியராகப் படித்தேன். அறிவு மங்குகிறது, மனம் தடுமாறுகிறது, புத்தி கெடுகிறது, கண் காது எல்லாம் தளர்கிறது. தியானம் எந்தெந்தக் கருவிகளை வைத்துக்கொண்டு நடக்க வேண்டுமோ, பசி அவற்றைத்தான் ஒவ்வொன்றாக அணைக்கிறது. கரன்ட் இல்லாத மெஷினைப் பார்த்து, இது மட்டமான மாடல் என்று நான் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜீவர்களுக்கு வரும் துன்பங்களாகப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என்று ஏழு சொல்கிறார். எளிமை என்றால் அங்கே வறுமை. இதில் பசியையும் கொலையையும் நீக்குவதைத்தான் உயர்ந்த காருண்யமாக வைக்கிறார். சிப்காட்டைப் பார்த்திருந்தால் எட்டாவதாகத் தூக்கமின்மையையும் சேர்த்திருப்பார் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அட, முதலில் வயிறு அப்புறம் ஆன்மா, இதை மாஸ்லோவே 1943-ல் சொல்லிவிட்டாரே என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் குறித்து வைத்தேன். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மாஸ்லோ பேசுவது என் பசியைப் பற்றி. அது தீர்ந்ததும் நான் அடுத்த படிக்குப் போகலாம். வள்ளலார் பேசுவது அடுத்தவன் பசியைப் பற்றி. அதைப் பார்த்து எனக்குள் உருகியதா இல்லையா என்பதுதான் அவருடைய கேள்வி. அந்த உருக்கம் ஆரம்பப் படி அல்ல, வழியே அதுதான் என்கிறார். முத்தி வீட்டுக்குத் திறவுகோல் என்று அதைத்தான் சொல்கிறார். இப்படிப் பார்த்தால் பசித்தவன் எந்தப் படியில் நிற்கிறான் என்ற கேள்விக்கே இடமில்லை. வகுப்பில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தது பின்வரிசை இல்லை, நான்.

சிலருக்கு ஏன் உருகுவதில்லை என்றும் அவர் சொல்கிறார். ஆன்ம அறிவு என்ற கண்ணும் மங்கி, அதற்கு உதவ வேண்டிய மனம் முதலான மூக்குக்கண்ணாடியும் மங்கிப்போனால் எதிரில் இருப்பவர் தெரியமாட்டார் என்ற மாதிரி ஒரு விளக்கம். 12 வருஷம் நான் கண்ணாடியை மட்டும் துடைத்திருக்கிறேன் போல.

வள்ளலாரிடம் படிநிலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. நிறையவே இருக்கிறது. இந்திரிய ஒழுக்கம், கரண ஒழுக்கம், ஜீவ ஒழுக்கம், ஆன்ம ஒழுக்கம் என்று நான்கு. சுத்த தேகம், பிரணவ தேகம், ஞான தேகம் என்று மூன்று. ஞான சபையில் ஏழு திரை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். இன்றைய வண்ணப்படக்காரர்கள் வந்தால் குஷியாகிவிடுவார்கள். ஆனால் நான்கு ஒழுக்கங்களின் வரிசையைப் பாருங்கள். புலனையும் மனதையும் ஒழுங்கு செய்ததும் நேராக ஆன்மாவுக்குப் போக முடியவில்லை. நடுவில் ஜீவ ஒழுக்கம் நிற்கிறது. சாதி, மதம், தேசம் என்ற பேதமில்லாமல் எல்லாரையும் சமமாக நடத்துவது என்பது அதன் பொருள். அதாவது சமுதாயம் என்பது தியானம் முற்றியபின் தானாக வரும் விளைவு இல்லை, வழியில் கடந்தே ஆகவேண்டிய இடம்.

நம் காலத்தில் பரவலாக இருப்பது வேறு வரிசை. 1958-ல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கிய வேதாத்திரி மகரிஷி, தனிமனித அமைதி வழியாக உலக அமைதி என்றார். எளிமையான பயிற்சிகளாக அவர் கொடுத்தவற்றால் எங்கள் தெருவிலேயே பலருக்கு நன்மை உண்டு, அதை மறுக்க மாட்டேன். ஆனால் கூட்டல் கணக்காகச் சமுதாயம் மாறும் என்பதில் எனக்குச் சந்தேகம். நான் அமைதியாக இருந்த அதே 13 வாரமும் என் இஃப் கண்டிஷன் வேலை செய்துகொண்டேதான் இருந்தது.

வள்ளலார் கட்டிய வரிசையும் கவனிக்க வேண்டியது. எங்கள் தொழிலில் ஒருவன் என்ன சொன்னான் என்பதைவிட, கமிட் ஹிஸ்டரியில் எது முதலில் போனது என்று பார்ப்போம். சங்கம் 1865. தருமச்சாலை 1867 மே 23. ஞான சபை 1872 ஜனவரி 25. அடுப்பு எரிய ஆரம்பித்து நாலரை வருஷத்துக்கு மேல் ஆனபின்தான் திரைகள் வந்தன. தைப்பூசத்துக்கு ஜோதி பார்க்கப் போகும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இந்த இரண்டு தேதிகளும் தெரியும்? நானே போன முறை திரை விலகுவதை எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, சாலைப் பக்கம் போகாமல் பஸ் ஏறியவன்.

எனக்கு ஒட்டாத இடம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். சிலர் மட்டும் ஏன் பசியில் வாடுகிறார்கள் என்ற கேள்விக்கு அந்த நூலின் பதில், அவர்கள் முன் பிறவியில் காருண்யம் இல்லாமல் கடின சித்தர்களாக நடந்தவர்கள் என்பது. படித்ததும் திக்கென்றது. பயிற்சியாளர் சொன்ன தமோ குணத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே முதல் படி, இங்கே பழைய வினை. இரண்டு இடத்திலும் காரணம் பசித்தவனுக்குள்ளேயே இருக்கிறது. டோக்கன் நேரத்தை எழுதியவன் கணக்கிலேயே வரவில்லை.

அப்படியானால் சோறு போடுவது கடவுள் விதிக்கு எதிராகாதா என்ற கேள்வியையும் அவரே எழுப்பிக்கொள்கிறார். விலங்கு மாட்டிச் சிறையில் அடைத்தவனுக்குக்கூட அரசன் தன் ஆட்கள் மூலம் சோறு கொடுக்கிறான் அல்லவா என்கிறார். வினை என்ற காரணத்தை வைத்துக்கொண்டே, அது கையைக் கட்டிப்போட விடாமல் செய்கிறார். கெட்டிக்காரத்தனமான வாதம், மனசும் நல்ல மனசு. ஆனால் சிறை ஏன் இவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அரசனைக் கேட்கும் வழி அந்த உவமையில் இல்லை. சாலையின் அடுப்பு பசித்தவனை விசாரிக்காமல் சோறு போடுகிறது. அது அதன் பெருமை. பசி வரக் காரணமானவனையும் அது விசாரிப்பதில்லை. அந்த ஒடிசா பையனுக்குப் புதன்கிழமை டிபன் கிடைத்துவிட்டது. பெயர் குறிக்கும் நோட்டு அப்படியே இருக்கிறது, வகுப்பும் அதே 6.10-க்குத்தான். ஷிப்ட் தொடங்கும் முன் வைக்கலாமே, பெயர் எடுக்க வேண்டாமே என்று மெயில் போட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.

அட்டவணையை விட்டுவிட்டேன். அரவிந்தர் தொடரில் தனிமனிதக் காலம் பற்றிய பகுதி வரை வந்திருக்கிறேன். மரபு இறுகும்போது அதற்குள்ளிருந்தே கேள்வி கேட்பவன் வருவான் என்கிறாரே, அது 1867 வடலூருக்கு எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். முடித்ததும் குறிப்பு போடுகிறேன்.