வித்தும் வித்தியும்

தமிழில் அறிவியற் சொற்களை ஆக்குதற்கென 1916-இல் இராஜாஜி முதலியோர் சேலத்தில் ஒரு சங்கம் நிறுவினர். நூறாண்டு கடந்தும் தாவரவியலில் ஒரு சொல் தெளிவுபெறாது நிற்கின்றது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘ஒருவித்திலைத் தாவரம்’ என்னுமிடத்து வித்து விதையைக் குறிக்கும். ‘நுண்வித்து’, ‘பெருவித்து’ என்பவற்றிலோ ‘ஸ்போர்’ எனும் பிறிதொன்றைக் குறிக்கும். இலக்கிய வழக்கில் வித்து என்பது விதையே. ஆதலின் பின்னைய ஆட்சி பொருந்தாது என்பது எம் துணிபு.

மயக்கம் சொல்லளவில் நிற்பதன்று. சேலம் அஸ்தம்பட்டியினின்று ஏற்காட்டுக்குச் செல்லும் மலைச்சாலையில், ஈரங்கசியும் பாறையிடுக்குகளிற் பெரணிகளைக் காணலாம். அவற்றின் இலைக்கீழ்ப்புறத்துப் பழுப்புப் புள்ளிகளினின்று உதிரும் துகளே ஸ்போர். அது ஒற்றை உயிரணு, கருவுறுதலுக்கு முற்பட்டது. அது முளைத்தவுடன் பெரணி தோன்றாது. பெரும்பாலும் இதய வடிவான சிறு பசுந்தகடே தோன்றும். அத்தகட்டில் உண்டாகும் ஆணணு நீரில் நீந்திப் பெண்ணணுவைக் கூடிய பின்னரே பெரணி பிறக்கும். இத்தலைமுறை மாற்றத்தை 1851-இல் ஜெர்மானியர் ஹோப்மைஸ்டர் நிறுவிக்காட்டினார். விதையோ கருவுற்றபின் விளைவது, தன்னுட் கருவையுடையது. பூக்குந் தாவரத்தில் மகரந்தத்துகள் நுண்ஸ்போரினின்றே உருவாகின்றது. எனவே பெரணித்துகளுக்கு ஒப்பானதைப் பூவிடத்துத் தேடுவார் தாதினை நோக்கல் வேண்டும், விதையை அன்று. பாட்டியின் பெயரைப் பேர்த்திக்கு இடுதல் இல்லத்திற்கு அழகு, கலைச்சொல்லுக்கு ஆகாது.

ஈழத்துத் தமிழ் நூல்கள் விதையை வித்தென்றும் ஸ்போரை வித்தியென்றும் பிரித்து வழங்கின. (பெரணியை அவை பன்னம் என்னும்.) வித்தி என்பது வினையெச்சமன்றோ எனின், வித்தியை, வித்திகள் என உருபும் விகுதியும் ஏற்குமிடத்து அவ்வையம் நீங்கும். அன்றியும், வித்து எனும் வினைப்பகுதி இகரவிகுதி பெற்று ‘விதைப்பது’ என நின்றதாகக் கொள்ளின், காற்றிற் பரவி இனம்பெருக்குந் துகளுக்கு அப்பெயர் நன்கியையும்.

பூவாது காய்ப்பதைக் கோளி என்னும் பழைய வழக்கைக் கொண்டு, பெரணியின் இயல்பை முன்னோர் அறிந்திருந்தனர் என வாதிடல் கூடாது. கோளியாகிய அத்திக்குப் பூவுண்டு. அது காய்போன்ற உறையினுள் மறைந்துளது. பெரணிக்கோ பூவுமில்லை, காயுமில்லை. பழஞ்சொல்லின் பெருமையை இவ்வாறு நீட்டுதல் இலக்கியத்திற்கும் அறிவியலுக்கும் ஒருசேரத் தீங்காம்.

‘ஒருவித்திலை’ அவ்வாறே நிற்க. ‘நுண்வித்து’ ‘நுண்வித்தி’ ஆகுக. ஓரெழுத்தின் மாற்றமே வேண்டுவது.