செயினா பெல்டா என்று மட்டும் கேட்டால் போதுமா?

பழைய கார் வாங்கப் போறவங்களுக்கு அறிவுரை சொல்லும் வீடியோக்களில் ஒரு அட்டவணை தவறாமல் வருகிறது. ஒரு பக்கம் டைமிங் செயின் எஞ்சின்கள், மறுபக்கம் டைமிங் பெல்ட் எஞ்சின்கள். செயின் என்றால் ‘ஆயுசுக்கும் கவலை இல்லை’, பெல்ட் என்றால் ‘செலவு’. கூடவே இன்னொரு வாசகம்: ‘இது ஃபியட் எஞ்சின், கண்ணை மூடிட்டு வாங்கலாம்.’ இரண்டையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் பூர்வீகம். எஞ்சினின் பெயரை நம்ப வேண்டாம்; போர், ஸ்ட்ரோக் இரண்டு எண்களையும் பாருங்க. மாருதி ஸ்விஃப்ட் டீசலில் ‘டிடிஐஎஸ்’, டாடா விஸ்டாவில் ‘குவாட்ராஜெட்’, ஃபியட் புன்டோவில் ‘மல்டிஜெட்’. மூன்றிலும் 69.6 மி.மீ. போர், 82 மி.மீ. ஸ்ட்ரோக், நான்கு சிலிண்டர். பெருக்கிப் பார்த்தால் 1248 சிசி. ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக எஞ்சின் நிறுவனம் நடத்திய காலத்தில், 2003-ல் வந்த வடிவமைப்பு அது. மாருதிக்கு மானேசரில் தயாரானது. டாடாவுக்கும் ஃபியட்டுக்கும் புனே பக்கம் ரஞ்சன்காவ்ன்.

எங்க தொழில் பாஷையில் சொன்னால், ஒரே சோர்ஸ் கோட், வேற வேற பில்ட். டர்போ, எஞ்சின் கணினியின் டியூனிங் இதெல்லாம் காருக்குக் கார் மாறும். 75 குதிரைத்திறனிலும் இந்த எஞ்சின் வந்தது, 90-லும் வந்தது. அதனால் ‘ஃபியட் எஞ்சின்’ என்று சொன்னால் வடிவமைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியும். உங்க முன்னாடி நிற்கிற வண்டி எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பதைப் பற்றி அந்தச் சொல்லில் எதுவுமே இல்லை.

இப்போ செயினுக்கு வருவோம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பாற்றுவதுதான் செயினின் வேலையும் பெல்டின் வேலையும். கணக்கு தப்பினால் டீசல் எஞ்சினில் பிஸ்டன் மேலே வந்து வால்வில் இடிக்கும். வால்வு வளைந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

1.3 மல்டிஜெட்டில் இருப்பது செயின். அது எஞ்சின் ஆயிலிலேயே குளித்துக்கொண்டு ஓடுகிறது. அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. ஆயில் மாற்றாமல் ஓட்டினால் செயினின் பின்களும் இணைப்புகளும் தேயும், செயின் நீளும், டென்ஷனர் தளரும். சர்வீஸ் அட்டவணையில் ‘செயின் மாற்றவும்’ என்று ஒரு வரி இல்லை என்பதை ‘செயினுக்குப் பராமரிப்பே இல்லை’ என்று படித்துக்கொள்கிறோம். அட்டவணைக்காரர்கள் சறுக்குகிற இடம் இதுதான். அந்த வரி அங்கே இருக்கிறது, ‘ஆயில் மாற்றவும்’ என்ற பெயரில்.

எதிர் உதாரணமும் இருக்கிறது. ரெனோவின் கே9கே டீசல், 1461 சிசி, பெல்ட் எஞ்சின். டஸ்டரில் வந்தது, நிஸான் சன்னியில் வந்தது, மெர்சிடிஸ்கூட தன் சின்ன கார்களில் இதை வைத்தது. அட்டவணைப்படி இது மட்டமான பக்கம். பிஎம்டபிள்யூவின் என்47 டீசலோ செயின் எஞ்சின். ஆனால் செயினை கியர்பாக்ஸ் பக்கம், பின்புறமாக வைத்தார்கள். அந்தச் செயின் தேய்ந்து அறுந்த புகார்கள் உலகம் முழுக்கப் பிரசித்தம்; எட்டாத இடம் என்பதால் மாற்றுவதும் பெரிய வேலை. அட்டவணைப்படி இது நல்ல பக்கம்!

அட்டவணையில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. பெல்ட் பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் அறும். செயின் பல சமயம் சத்தம் போட்டு எச்சரிக்கும். ரப்பர் என்பதால் வண்டி ஓடாமல் நின்றாலும் பெல்டுக்கு வயசாகும். ஆனால் பெல்டுக்கு இத்தனை கிலோமீட்டர், இத்தனை வருஷம் என்று கெடு இருக்கிறது. மாற்றினதுக்கு பில் இருக்கும், சரிபார்க்கலாம். செயினின் வரலாறு ஆயில் பில்களில் சிதறிக் கிடக்கிறது.

இன்று சந்தையில் இருக்கிற 1.3 டீசல்கள் எல்லாமே பிஎஸ்6-க்கு முந்தையவை. 2020 ஏப்ரலில் அந்த விதி வருவதற்குள் இந்தியாவில் இந்த எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். பாதிக்கும் மேல் ஆயுள் ஓடியிருக்கக்கூடிய வண்டிகள். பார்க்கப் போகும்போது பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடாக இருந்தால் ஆற விட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. முதல் சில விநாடி முன்பக்கம் கடகடவென்று சங்கிலிச் சத்தம் வந்தால் விலை பேசுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

ஆயில் பில் ஒன்றுகூட இல்லாத செயின் வண்டியும், பெல்ட் மாற்றின பில்லோடு ஒரு வண்டியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால், நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.