வகுப்பறை வழக்கமும் சிந்தனைப் பயிற்சியும்

கேட்டல், எழுதல், ஒப்புவித்தல் என்னும் மூன்றுமே கல்வியின் முழுமையெனக் கொள்வார் பலர். இக்கொள்கையை மறுத்தெழுந்த நூல்களுள், 2011ஆம் ஆண்டு வெளிவந்த 'சிந்தனையைப் புலப்படுத்தல்' என்னும் பொருள்படும் ஆங்கில நூல் குறிப்பிடத்தக்கது. றொன் றிச்சாட், மார்க் சேர்ச், கறின் மொறிசன் ஆகிய மூவர் இதன் ஆசிரியர். 1967இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் நெல்சன் குட்மன் தொடக்கிய ஆய்வுத் திட்டத்தின் வழிவந்த இந்நூல், வகுப்பிற் கையாளத்தக்க 21 எளிய வழக்கங்களை விரித்துரைக்கின்றது.

காண்பது யாது, அதுபற்றி நினைப்பது யாது, மேலும் அறிய விழைவது யாதென மாணவனை முறையே வினாவுதல் அவற்றுள் ஒன்று. அளவை நூலார் காண்டல், கருதல் எனப் பகுத்தவற்றை மாணவன் மயங்காது வேறுபடுத்தப் பழக்குதலே இதன் சிறப்பு. நீருள்ள சோதனைக்குழாயில் சில நாள் கிடந்த ஆணியைக் காட்டின், 'இரும்பு துருப்பிடித்துவிட்டது' என்பான் மாணவன். அவன் கண்டது செங்கபில நிறப் படிவே. துரு என்பது அவன் கருதியது. உலர்ந்த குழாயிலுள்ள ஆணியில் அப்படிவு இல்லாமையையும் கண்டவழி, நீரின் பங்கு யாதென்னும் வினா அவனிடமே எழும்.

எனினும் இவ்வழக்கம் தன்னளவில் நிறைவுபெறாது. வளியில் ஒட்சிசன் உண்டென அறியாதான் எத்துணை நேரம் நினைப்பினும் துருவின் காரணத்தை முற்றும் உணரான். நூலாசிரியர் பொருளறிவின் தேவையை மறுத்தாரல்லர். ஆயினும், வழக்கத்தைப் பின்பற்றுதலே சிந்தித்தலென மயங்குவார்க்கு இடமுண்டு. நாடோறும் அம்மூன்று வினாக்களுக்கும் ஆசிரியர் விரும்பும் விடையையே மாணவர் ஒப்புவிக்கத் தொடங்குவராயின், பழைய மனனம் புதுப்பெயர் பூண்டதாகவே முடியும்.

வினாவியபின் ஆசிரியர் காக்கும் அமைதியும் இன்றியமையாதது. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் றோ 1970களில் வெளியிட்ட ஆய்வுகளில், ஆசிரியர் பலர் விடைக்காக ஏறத்தாழ ஒரு செக்கனே பொறுத்தனர் என்பதும், 3 செக்கன் அல்லது அதற்கு மேலும் பொறுத்தவழி மாணவர் விடைகள் விரிவடைந்தன என்பதும் புலனாயின.

பவணந்தியாரின் நன்னூல், ஆசிரியர் உரைப்பதை நன்கு கேட்பினும் மாணவன் பெறுவது காற்பங்கே என்றும், உடன்பயில்வாரோடு பயின்று மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு உரைத்து எஞ்சிய அரைப்பங்கும் பெறுவான் என்றும் வகுத்தது. அவ்வளவீட்டில் கேட்டலுக்கும் உரிய பங்குண்டு. ஆகவே இப்புதிய வழக்கங்கள் பாடத்துக்கு மாற்றாகாமல், பாடத்தோடு சேர்த்துக் கொள்ளத்தக்கன. இருபத்தொன்றையும் விரைந்து கையாள்வாரினும், ஒன்றிரண்டைத் தேர்ந்து பொறுமையோடு பயிற்றும் ஆசிரியர்க்கே இந்நூல் பெரிதும் பயன்படும்.